பவர் சப்ளை டெஸ்டர்: வாங்கலாமா?

பட்டனை அழுத்தினால் ஃபேன்கூட அசையாத பழைய டெஸ்க்டாப்பில் முதல் சந்தேகம் எஸ்எம்பிஎஸ் (கணினிக்கு மின்சாரம் தரும் பவர் சப்ளை பெட்டி) மேல்தான். அதைக் கழற்றாமலே சோதிக்க, சின்னத் திரை வைத்த இந்த டெஸ்டர் கைகொடுக்கும். மதர்போர்டிலிருந்து 24 பின் கனெக்டரை உருவி (ரொம்பப் பழசு என்றால் 20 பின்) இதில் செருகி ஸ்விட்சைப் போட்டால் வேலை முடிந்தது. 12 வோல்ட் என்பது 11.4 முதல் 12.6-க்குள்ளும், 5 வோல்ட் 4.75 முதல் 5.25-க்குள்ளும் நிற்க வேண்டும். பலர் கண்டுகொள்ளாத எண் பிஜி (பவர் குட்): வோல்டேஜ் நிலையாகிவிட்டது என்று சப்ளை போர்டுக்குச் சொல்லும் சிக்னல் வர ஆகும் நேரம். அது 100 முதல் 500 மில்லிசெகண்டுக்குள் வராவிட்டால், வோல்டேஜ் எல்லாம் சரியாக இருந்தும் போர்டு கிளம்பாமல் போகலாம்.

குறை பெரியது: டெஸ்டர் லோடு கொடுப்பதே இல்லை எனலாம். கெப்பாசிட்டர் உப்பிய சப்ளை இதில் நல்ல பிள்ளைபோல எண் காட்டிவிட்டு, ப்ராசசரும் ஹார்ட் டிஸ்க்கும் இழுக்கும்போது படுத்துவிடும். ஆகவே ‘சரி’ என்று காட்டினாலும் முழுசாக நம்ப வேண்டாம். மல்டிமீட்டர் இருப்பவர்களுக்கு இது தேவையே இல்லை. கனெக்டர் போர்டில் இருக்கும்போதே, பின்பக்கமாக ஊதா வயரில் 5 வோல்ட் ஸ்டாண்ட்பை (கணினி அணைந்திருக்கும்போதும் வரும் வோல்டேஜ்) வருகிறதா என்று பார்த்துவிடலாம்.

1990களின் கடைசியில் வந்த சில டெல் பெட்டிகளில் கனெக்டர் வடிவம் அதேதான், வயர் வரிசை வேறு. செருகும் முன் நிறங்களைச் சரிபாருங்கள்.