தாய்லாந்தில் வீடு: அடுக்குமாடி உரிமையா, நிலக் குத்தகையா?

தாய்லாந்தில் வெளிநாட்டவர் பொதுவாக நிலத்தைத் தம் பெயரில் வாங்க முடியாது என்பதால், அடுக்குமாடி வீட்டை வாங்குவதா, நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துத் தனி வீட்டில் குடியேறுவதா என்ற கேள்வி எழுகிறது.

அடுக்குமாடியில் கிடைப்பது முழு உரிமை. ஆனால் கட்டடத்தின் மொத்தக் குடியிருப்புப் பரப்பில் 49 சதவீதத்துக்கு மேல் வெளிநாட்டவர் வசம் இருக்கக் கூடாது என்பதால், ஒதுக்கீட்டில் இடம் உண்டு என்ற கட்டட நிர்வாகத்தின் கடிதம் தேவை. பணம் அந்நியச் செலாவணியாக வந்ததற்கான வங்கிச் சான்றும் பொதுவாகத் தேவை.

குத்தகையின் சிக்கல்கள் ஆழமானவை. அதன் உச்சவரம்பு 30 ஆண்டுகள். நில அலுவலகத்தில் பதியாவிட்டால், ஒப்பந்தத்தில் எவ்வளவு எழுதியிருந்தாலும் 3 ஆண்டுகளுக்கே செல்லும். குத்தகைக்கு விடுபவர் தாராளமாகத் தரும் புதுப்பித்தல் வாக்குறுதி, நிலம் கைமாறினால் புதிய உரிமையாளரைக் கட்டுப்படுத்தாமல் போகலாம். (தாய்லாந்தவர் ஒருவர் பெயரில் நிலம் வாங்கும் பினாமி வழி சட்டவிரோதம், அதைப் பரிந்துரைக்கும் தரகரை அங்கேயே விட்டுவிடலாம்.) தோட்டம்தான் வேண்டும் என்ற பிடிவாதம் இல்லாதவருக்கு அடுக்குமாடியே பாதுகாப்பானது.