யூனியன் அட்டையா, ஊர்க் களரியா?

புலம்பெயர்ந்த மட்டக்களப்புப் பிள்ளைகள் சிலருக்கு நடிப்புத்தான் தொழில். அவர்களுக்கு முன்னால் நிற்கிற கேள்வி இது: நடிகர் சங்கத்தில் சேர்வதா, அக்கம்பக்கத்து மேடைகளில் கிடைப்பதை ஆடுவதா?

அமெரிக்காவில் 1913இல் தொடங்கிய ஆக்டர்ஸ் ஈக்விட்டி கண்டிப்பான மேடை நடிகர் சங்கம். குறைந்தபட்சச் சம்பளம், ஒத்திகைக்கு நேர வரம்பு, ஓய்வூதியம், போதிய வாரங்கள் வேலை செய்தால் மருத்துவக் காப்புறுதி எல்லாம் உண்டு. 2021இல் சேரும் விதியையும் தளர்த்தினார்கள். ஆனால் சேர்ந்த பிறகு, சங்க ஒப்பந்தம் இல்லாத நாடகத்தில் அதன் அனுமதியின்றி நடிக்க முடியாது. நியூயோர்க்கில் இருப்பவர் இதைத் தாங்குவார். ஒப்பந்தம் போடும் அரங்கே இல்லாத சிறு நகரத்தில் அட்டை இருக்கும், வேடம் இருக்காது.

பிரித்தானிய ஈக்விட்டி 1930இல் பிறந்தது. அங்கேயும் ஒரு காலத்தில் அட்டை இல்லையென்றால் வேலை இல்லை. 1990ஆம் ஆண்டுச் சட்டம் அதை நீக்கியது. சங்கம் இன்றும் சம்பளம் பேசுகிறது.

சரி, நம்ம மட்டக்களப்புக் களரிக்கு, அதாவது ஊர்க் கூத்து ஆடுகிற இடத்துக்கு, வருவோம். சட்டம் (ஆடுகிறவருக்கான பாட்டும் வசனமும் எழுதிய பிரதி) கொடுத்த நாளிலிருந்து அரங்கேற்றம் வரை மாதக்கணக்கில் பழக்கம். கூத்துப் பழக்கும் அண்ணாவியார் சொன்னால் சொன்னதுதான். சம்பளம் கிடையாது, உடுப்பு வாடகைக்கும் ஆடுகிறவரே காசு போடுவார். வடமோடி என்ற கூத்து வகையில் ராசா வேடக்காரர், வளையம் வைத்து விரிந்த கரப்புடுப்போடும் கனத்த கிரீடத்தோடும் விடியவிடிய ஆடவேண்டும். கால் பிசகினால் செலவு அவருடையது. ஆனாலும் அவர் களரிக்குள் நுழையும் வரவுக்கு மத்தளம் முழங்கும்போது, களரியைச் சுற்றியிருக்கிற சனம் அவரைப் பார்க்கிற பார்வையை எந்த ஒப்பந்தமும் தராது. இதற்குள் யூனியன் விதி வரவேகூடாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அதே ஆட்டக்காரர் தொண்டு நிறுவனத்தின் விழிப்புணர்வு நாடகத்துக்குப் போனால் கதை வேறு. அது கூலி வேலை. ஒப்பந்தம் பெரும்பாலும் வாய்ப்பேச்சுத்தான்; ஒத்திகை நாட்கள் கணக்கிலேயே வராது. சங்கம் தேவைப்படுவது இங்கேதான். இலங்கையின் 1935ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டப்படி ஏழு பேர் கையெழுத்திட்டால் பதிவுக்கு விண்ணப்பிக்கலாம். மட்டக்களப்பில் நாடகத்துக்கு ஏழு பேர் தேடவா வேண்டும்?

இரண்டு ஈக்விட்டிகளில் எனக்குப் பிடித்தது பிரித்தானிய வழிதான். காசு கைமாறும் இடத்தில் மட்டும் சங்கம் பேசட்டும். முதலில் எழுத்தில் கேட்கவேண்டியவை மூன்று: ஒத்திகை நாளுக்கும் கூலி, போக்குவரத்துச் செலவு, அடிபட்டால் வைத்தியச் செலவு.