மோகனக் காந்தாரத்துக்கு 0.322 வோல்ட்

வெயில் ஏறினால் வீணையின் மெழுகு இளகி மெட்டுகள் அசைந்துவிடும். திரும்பக் கட்ட ஆள் தேடி பாண்டிச்சேரி முழுக்க அலைந்திருக்கிறேன். அதனால் முத்தியால்பேட்டை வீட்டு மாடியில் மாடுலர் சிந்தசைசர் பெட்டி (தனித்தனிப் பகுதிகளைக் கம்பியால் இணைத்து மின்சாரத்தால் ஒலி எழுப்பும் கருவி) வைத்த முதல் மே மாதத்தில் அதன் சுருதி நழுவியபோது எனக்குப் பெரிய ஆச்சரியம் இல்லை. மெழுகே இல்லாத கருவிக்கும் வெயில் உறைக்கிறதே என்றுதான் நினைத்தேன்.

அந்தப் பெட்டிக்குச் சுருதியை வோல்ட்டில்தான் சொல்ல வேண்டும். கணினியிலிருந்து அதைச் சொல்ல நான் வாங்கியது, எக்ஸ்பர்ட் ஸ்லீப்பர்ஸ் என்ற பிரிட்டிஷ் நிறுவனத்தின் ஈஎஸ்-8 என்ற இணைப்புக் கருவி. அந்தப் பணத்துக்கு நல்ல வயலின் ஒன்று வாங்கியிருக்கலாம் என்றார்கள் வீட்டில். பொய்யில்லை.

அதற்கு முன் கையில் இருந்த சாதாரண ஆடியோ இன்டர்பேஸையே (கணினியின் ஒலியை ஸ்பீக்கருக்கு அனுப்பும் கருவி) செருகிப் பார்த்தேன். பஞ்சமம் கேட்டால் ஆசிலேட்டர் (பெட்டியில் சுரத்தைப் பிறப்பிக்கும் பகுதி) ஒரு கணம் மேலே எகிறி, வழுக்கு மரம் ஏறினவனைப் போலச் சட்ஜமத்துக்கே சறுக்கி வந்தது. காரணம், அந்த வகைக் கருவிகளின் வெளிவாயிலில் இருக்கும் மின்தேக்கி. அது அசையாமல் நிற்கும் மின்னழுத்தத்தை வெளியே விடாது. ஸ்பீக்கருக்கு அது தேவையும் இல்லை. ஆசிலேட்டருக்கோ ஒரு சுரம் நீடிக்கும்வரை அதே அழுத்தம் நின்றாக வேண்டும். ஈஎஸ்-8இல் அந்தத் தடை கிடையாது. எட்டு வெளிவாயில்கள், நான்கு உள்வாயில்கள், யூஎஸ்பி கேபிள் ஒன்று. பத்து வோல்ட் மேலும் கீழும் போகும். கணினியில் நான் வோல்ட் எண்களை எழுதும் விசிவி ராக் என்ற மென்பொருளும் பத்து வோல்ட் கணக்கிலேயே பேசுவதால், திரையில் 1 வோல்ட் என்று எழுதினால் மல்டிமீட்டரிலும் 1 வோல்ட்தான். அந்த மென்பொருளுக்கு இலவசப் பதிப்பு உண்டு.

என்னுடையதைப் போன்ற, யூரோராக் என்ற வகை மாடுலர் பெட்டிகளில் ஒரு ஸ்தாயிக்கு ஒரு வோல்ட். பன்னிரண்டாக வகுத்தால் ஒரு சுரத்தானத்துக்கு 83.3 மில்லிவோல்ட். (பழைய கோர்க் எம்எஸ்-20 சிந்தசைசர் வைத்திருப்பவர்கள் கவனிக்க: அதில் ஸ்தாயிக்கு ஸ்தாயி வோல்ட் இரட்டிக்கும், இந்தக் கணக்கு செல்லாது.) ஆசிலேட்டரின் குமிழை ஐந்து கட்டையில் நிறுத்தி, 0 வோல்ட்டைச் சட்ஜமம் ஆக்கி, தம்பூராவைப் போட்டுவிட்டு மோகனம் வாசித்தேன். திருப்பாதிரிப்புலியூரிலிருந்து வந்திருந்த சித்தப்பா கீழே காபி குடித்துக்கொண்டிருந்தார். நாகஸ்வரக்காரர். படியேறி வந்து வாசலிலேயே நின்றார்.

“ஏம்மா, காந்தாரம் மட்டும் ஏன் இப்படித் துருத்திக்கொண்டு நிற்கிறது?”

துருத்தத்தான் செய்தது. கீபோர்டுக் கணக்கில் மோகனத்தின் அந்தர காந்தாரம் நான்கு சுரத்தானம் மேலே, 0.3333 வோல்ட். தம்பூராவோடு இழைகிற காந்தாரம் சட்ஜமத்துக்கு ஐந்துக்கு நான்கு என்ற விகிதத்தில் நிற்பது; அதற்கு 0.3219 வோல்ட் போதும். இடைவெளி 11 மில்லிவோல்ட் சொச்சம், அதாவது 14 சென்ட் (ஒரு சுரத்தானத்துக்கு 100 சென்ட்). எண்ணை மாற்றினேன். சித்தப்பா ஒன்றும் சொல்லவில்லை, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். எனக்கு இந்தக் கருவியின் விலை அந்த இடத்தில் வசூலாகிவிட்டது.

ஆனால் ஈஎஸ்-8 சரியாகச் சொன்னாலும் ஆசிலேட்டர் சரியாகக் கேட்க வேண்டுமே. என்னுடையது வேறொரு நிறுவனத்தின் சரக்கு. மூன்றாம் ஸ்தாயிக்குப் போனால் சுருதி இறங்கியது. பின்புறம் ஒரு குட்டித் திருகு இருக்கிறது. கடிகாரக்காரரின் திருப்புளியால் மயிரிழை திருப்பி, கீழ்ச் சட்ஜமத்தையும் மேல் சட்ஜமத்தையும் மாற்றி மாற்றிக் கேட்டு, மறுபடி திருப்பி, ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிற்று. வீணைக்கு மெட்டுகளைப் பொருத்தி மேளம் கட்டும் வேலைதான், மெழுகு மட்டும் இல்லை. திருகைத் தொடப் பயப்படுபவர்களுக்கு ஏபிள்டன் என்ற இசை மென்பொருள் நிறுவனம் 2019இல் வெளியிட்ட சிவி டூல்ஸ் என்ற மென்பொருள் இருக்கிறது. அது ஆசிலேட்டரின் ஒலியைத் தானே கேட்டு வோல்ட்டைத் திருத்திக்கொள்ளும்.

வெயில் விஷயம் வேறு. வோல்ட்டைச் சுருதியாக மாற்றும் டிரான்சிஸ்டரின் குணம் ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 0.33 சதவீதம் மாறுகிறது. அதை ஈடுகட்ட உள்ளே ஒரு மின்தடை வைத்திருப்பார்கள், முழுக்க ஈடாகாது. நான் ஏசியைப் போட்டு, பெட்டியையும் அரைமணி நேரம் ஓடவிட்டுத்தான் சுருதி சேர்க்கிறேன். நடுவில் மின்சாரம் போனால் எல்லாம் முதலிலிருந்து. உப்புக்காற்றுக்குப் பயந்து, வாசிக்காத நேரத்தில் பெட்டியைப் பழைய வேட்டியால் மூடி வைப்பதும் உண்டு.

ஈஎஸ்-8இல் ஹெட்போன் துளை கிடையாது, வாங்குமுன் தெரிந்துகொள்ளுங்கள். அதற்கு வேறு ஏற்பாடு வேண்டும்.

கமகத்துக்காகத்தான் (சுரத்தை அசைத்து வளைத்து வாசிப்பது) ஈஎஸ்-8ஐ வாங்கச் சொல்வேன். வினாடிக்கு 48,000 முறை வோல்ட்டை மாற்றி அனுப்புவதால் வளைவு படிக்கட்டாகத் தெரியாது. தோடியின் காந்தாரத்துக்கு முதலில் கணினியின் ஒரே சீரான அலையைக் கொடுத்தேன். ஊஞ்சல் சத்தம்! பிறகு வீணையில் வாசித்துப் பதிவு செய்து, அதன் வளைவைப் பார்த்துப் பார்த்துக் கையால் வரைந்தேன். ரிஷபத்தில் சற்று நின்று, மத்யமத்தை நோக்கி ஏறி, அங்கே தங்காமல் இறங்குகிறது. ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து நான்கு வினாடி வரைந்திருக்கிறேன். அடுத்த முறை வரும்போது தோடி கேட்பதாகச் சித்தப்பா சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.