ஆங்கில சாட்சியத்தை டைப் செய்யும் விதிகள்: நெடுநாள் பயன்பாட்டில் தெரிந்தவை

அமெரிக்க வக்கீல்கள் பதிவு செய்யும் டெப்பசிஷன் (விசாரணைக்கு முன் நீதிமன்றத்துக்கு வெளியே சத்தியம் செய்து தரும் சாட்சியம்) ஆடியோவைத் திருநெல்வேலியில் உட்கார்ந்து டைப் செய்பவர்களுக்கு ஒரு விதித்தாள் வரும். அதில் பல விதிகள் பள்ளியில் படித்த இலக்கணத்தோடு மல்லுக்கு நிற்கும். நெடுநாள் புழங்கிய பிறகும் கைகொடுப்பவை அவைதான்.

பாளையங்கோட்டைப் பக்கம் டைப்ரைட்டிங் ஹையர் முடித்த கைகளுக்கு வேகம் ஒரு பொருட்டே இல்லை. இடறுவது பழக்கம். நம் செஷன்ஸ் நீதிமன்றங்களில் சாட்சியம் பெரும்பாலும் கேள்வியை விட்டுவிட்டு, "நான் பார்த்தேன்" என்று தொடர் நடையில் பதிவாகும். 1973 குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 276ஆம் பிரிவு சொன்ன வழக்கமான முறையும் அதுவே. டெப்பசிஷனில் கேள்வி ஒரு வரி, பதில் ஒரு வரி. சாட்சி "ஹி டோன்ட் நோ" என்றால் அப்படியே அடிக்க வேண்டும். "டசன்ட்" என்று மாற்றினால் சாட்சியத்தையே திருத்தியதாகிவிடும்.

அதிகம் படுத்துவது, இல்லை என்று பொருள்படும் "நோ"வுக்கு அடுத்த குறி. "யூ டிட்ன்ட் லாக் த கேட்?" என்ற கேள்விக்கு "நோ, ஐ டிட்ன்ட்" என்று பதில் வந்தால் கமா, பின்பாதி அதே மறுப்பைத்தான் திரும்பச் சொல்கிறது. "நோ. மை பிரதர் டிட்" என்றால் புதுச் செய்தி, ஆகவே முற்றுப்புள்ளி. "நோ. ஐ டிட்" என்று முரணாக வந்தாலும் முற்றுப்புள்ளிதான். இங்கே நம் காது வேறு வம்பு செய்யும். "பூட்டலியா?" என்றால் "ஆமா, பூட்டலை" என்பது நம் வழக்கம். அதே வாக்கில் சாட்சி வெறும் "யெஸ்" சொன்னால், எப்படிக் கேட்டதோ அப்படியே விடுங்கள். தெளிவுபடுத்துவது வக்கீல் வேலை.

பெயருக்கு முன்னால் கமாவைப் போடாமல் விட்டுவிட்டாலும் பொருள் புரண்டுவிடும். "ஐ டோன்ட் ரிமெம்பர், ஜான்" என்றால் ஜானிடம் சொல்கிறார். கமா இல்லாவிட்டால் ஜானையே நினைவில்லை.

பேச்சு பாதியில் வெட்டுப்பட்டால் இரண்டு ஹைஃபன், பின்னால் புள்ளி கிடையாது. மூன்று புள்ளி போடுவது பலருக்குக் கைப்பழக்கம். அதைத் தவிர்ப்பது நல்லது, சொற்கள் விடுபட்டதாகப் படிப்பவர் எடுத்துக்கொள்வார். வேர்டு மென்பொருள் இரட்டை ஹைஃபனைத் தானாகவே நீளக் கோடாக்கும். ஃபைல், ஆப்ஷன்ஸ், ப்ரூஃபிங், ஆட்டோகரெக்ட் ஆப்ஷன்ஸ் வழியே போய், ஆட்டோஃபார்மட் அஸ் யூ டைப் தாவலில் ஹைஃபனைக் கோடாக்கும் வரிக்கு எதிரே உள்ள டிக்கை எடுத்துவிடுங்கள். கிராமர் செக்கையும் அணைத்துவிடலாம், இந்த வேலையில் அதனால் தொல்லையே மிச்சம்.

மோசமான இடம் "அஹ்-ஹா"வும் "அஹ்-அஹ்"வும். முன்னது ஆமாம், பின்னது இல்லை. மட்டமான இயர்போனில் இரண்டும் ஒன்றுபோலக் கேட்கும். ஆடியோவைக் காலால் ஓட்டி நிறுத்தும் ஃபுட் பெடலில் பின்னோட்டத்தை 2 விநாடிக்கு வைத்து, வேகத்தைக் குறைத்துக் கேட்டால் பெரும்பாலும் பிடிபடும். பிடிபடாவிட்டால் நேரக்குறி போட்டுத் தெளிவில்லை என்று குறியுங்கள். பதிலே கேட்காத இடத்தில், வீடியோ கையில் இல்லாமல் "சாட்சி தலையசைத்தார்" என்று அடைப்புக்குறிக்குள் சேர்க்கக் கூடாது.