எச்சரிக்கை: எலி என்று சொல்லி 640 டாலரை வாங்கிக்கொண்டு போனார்

பிரிஸ்பேனைச் சுற்றிக் காட்டை ஒட்டிய பகுதிகளில் குடியிருக்கும் தமிழர்கள், கூரையில் சத்தம் கேட்கிறது என்று யாரையாவது அழைப்பதற்கு முன் தயவுசெய்து இதைப் படித்துவிடுங்கள். அண்மையில்தான் எனக்கு உண்மை தெரிந்தது. கோபம் இன்னும் ஆறவில்லை. போனது 640 டாலர். எலியையும், அதைப் போலவே தோன்றும் ஆன்டிகைனஸ் என்ற ஆஸ்திரேலியச் சிறு விலங்கையும் பிரித்தறிவது எப்படி என்பதைக் கடைசியில் விரிவாக எழுதுகிறேன்.

எங்கள் வீடு டி'அகுய்லார் மலைத்தொடரின் அடிவாரத்தில் இருக்கிறது. குளிர்காலம் முடியும் சமயத்தில் கூரைக்குள் ஓட்டமும் கீச்சொலியும் தொடங்கின. வீட்டு வேலைகளுக்கு ஆள் பிடித்துத் தரும் ஒரு கைப்பேசிச் செயலியில் தேடினேன். 'எலியா, இந்த மண்ணின் விலங்கா என்று கண்டறிந்த பிறகே கை வைப்போம்' என்று ஒருவர் விளம்பரம் செய்திருந்தார். அந்த ஒரு வரிக்காகவே அவரைத் தேர்ந்தெடுத்தேன். சோதனைக்கு 140, விஷக் கட்டிகள் வைக்க 300, இரண்டு வாரம் கழித்து வந்து மிச்சத்தை அகற்ற 200, ஆக மொத்தம் 640 டாலர்.

வந்தவர் நாங்கள் கேட்காமலேயே வாசலில் காலணியைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்தார். வேலைக்கு வரும் எவரும் இங்கே அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை என்பதால், அந்த இடத்திலேயே அவரை நல்லவர் என்று முடிவு கட்டிவிட்டேன். மறுநாள் காலை அவருடைய கூண்டில் ஒன்று சிக்கியிருந்தது. கூண்டைத் தூக்கி விளக்கை அடித்து, இரண்டு நொடிகூடப் பார்த்திருக்க மாட்டார், "வீட்டுச் சுண்டெலி, குட்டி போடும் பருவம்" என்றார். மூக்கு இவ்வளவு கூராக நீண்டிருக்கிறதே என்று நான் கேட்டதற்கு, இளம் எலிகள் அப்படித்தான் இருக்கும் என்றும், இருபது ஆண்டுகளாகத் தமக்கு இதுதான் தொழில் என்றும் பதில் வந்தது. பிறகு நீல நிறக் கட்டிகளைக் கூரைக்குள் வைத்தார். 'வேலை முடிந்தது' என்ற பொத்தானை நாம் அழுத்தினால்தான் செயலி பணத்தை விடுவிக்கும். அவர் மறுபடியும் ஒருமுறை வரவேண்டியிருந்தும், அன்றே கணக்கை முடித்துவிடலாம் என்று அவர் கேட்க, நானும் அழுத்தினேன். என் வாழ்நாளில் இவ்வளவு விலை கொடுத்து எந்தப் பொத்தானையும் அழுத்தியதில்லை.

அன்றிரவு, கூண்டில் இருந்ததை நான் எடுத்திருந்த படத்தைக் கும்பகோணத்தில் இருக்கும் அம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். "ஏண்டா, இது எலியா? மூஞ்சூறு மாதிரி மூக்கு நீண்டிருக்கே!" என்றார். ஆஸ்திரேலியாவில் மூஞ்சூறு ஏதம்மா, நிபுணரே சொல்லிவிட்டார் என்று அவர் வாயை அடைத்தேன். எண்பது வயதுக் கண்கள் கைப்பேசித் திரையில் கண்டது, கூண்டைக் கையில் பிடித்திருந்தவருக்குத் தெரியவில்லை.

பத்து நாள் கழித்துச் சலவை இயந்திரத்தின் பின்னால் ஒன்று செத்துக் கிடந்தது. தலை சாம்பல் நிறம், கண்ணைச் சுற்றி வெளிர் வளையம், விலாவும் பாதங்களும் மஞ்சள் கலந்த செம்பழுப்பு, வால் நுனி கறுப்பு, வாயோரம் நீலப் பொடி. புரட்டியபோது வயிற்றில் மொச்சைக்கொட்டை அளவில் ஏழு குட்டிகள் முலைக்காம்புகளைக் கவ்வியபடி தொங்கிக்கொண்டிருந்தன, அவற்றிலும் அசைவில்லை. கங்காருவுக்கு இருப்பது போன்ற ஆழமான பை இந்த இனத்துக்குக் கிடையாது, வெறும் தோல் மடிப்புத்தான். காட்டுயிர் பராமரிப்பில் தன்னார்வலராக இருக்கும் பக்கத்துத் தெருப் பெண்மணி வந்து, தீக்குச்சியால் மேலுதட்டை விலக்கிப் பற்களைக் காட்டினார். எலிக்கு முன்னால் உளிபோல் ஒரே ஒரு சோடி வெட்டுப்பற்களும் அதன் பின் வெற்றிடமும் இருக்கும். இதற்கோ மேலே பக்கத்துக்கு நான்காகச் சின்னஞ்சிறு கூர்ப்பற்கள், அடுத்துக் கோரைப்பல். மஞ்சள்பாத ஆன்டிகைனஸ், குவோல், டாஸ்மேனியன் டெவில் என்ற ஆஸ்திரேலிய விலங்குகளுக்கு உறவான ஊனுண்ணிப் பைப்பாலூட்டி, பூச்சிகளையும் சிலந்திகளையும் தின்று வாழ்வது. 1992ஆம் ஆண்டின் குவீன்ஸ்லாந்து இயற்கைப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் பாதுகாக்கப்பட்ட உயிர். அதைக் கொல்லத்தான் 640 டாலர் கொடுத்திருக்கிறேன்.

விஷம் வைத்தவருக்குப் படங்களை அனுப்பியதும் அவர், படம் தெளிவாக இல்லை என்றார். தெளிவான படத்தை அனுப்பிய பிறகு, ஆன்டிகைனஸ் இனங்களைப் பிரித்தறிவது அறிஞர்களுக்கே கடினம் என்றார். உண்மைதான், 2012, 2013, 2014 என்று அடுத்தடுத்த ஆண்டுகளில் புதிய இனங்கள் விவரிக்கப்பட்டன. ஆனால் அது ஓர் ஆன்டிகைனஸுக்கும் இன்னோர் ஆன்டிகைனஸுக்கும் இடையிலான குழப்பமே தவிர, எலிக்கும் அதற்கும் இடையிலானது அல்ல. கடைசியில் வந்த பதில்தான் என் வயிற்றை எரித்தது: "அவற்றில் ஆண்கள் எல்லாம் ஆண்டுதோறும் இனச்சேர்க்கை முடிந்ததும் தாமாகவே செத்துவிடும், நீங்கள் ஏன் வருந்துகிறீர்கள்?" ஆண்கள் ஒரு வயது நிறைவதற்குள் மொத்தமாகச் செத்துப்போவது மெய். செத்துக் கிடந்ததோ ஏழு குட்டிகளைச் சுமந்த தாய். இவ்வளவு தெரிந்தவருக்குக் கூண்டில் இருந்தது எலியாக எப்படித் தெரிந்தது? அதற்கு மட்டும் பதில் இல்லை. செயலிக்காரர்களோ, பொத்தானை அழுத்திவிட்டதால் 640 டாலரைத் திரும்பப் பெற வழியில்லை, இது இரு தரப்பினருக்கு இடையிலான விஷயம் என்று ஒரே வாசகத்தை மூன்று முறை அனுப்பிவிட்டு உரையாடலை மூடிவிட்டார்கள்.

விரிவாக எழுதுவதாகச் சொன்னேன், இப்போது பொறுமை இல்லை. மூக்கைப் பாருங்கள், பல்லைப் பாருங்கள். கூர்மூக்கும் வரிசையாகச் சிறு பற்களும் இருந்தால் அது எலி அல்ல. உயிரோடு இருப்பதன் வாயில் விரலை வைக்காதீர்கள், கடிக்கும். சந்தேகமாக இருந்தால் குவீன்ஸ்லாந்து அருங்காட்சியகத்துக்குப் படம் அனுப்பிக் கேளுங்கள். விஷம் வைக்க வருபவரிடம் மாநிலச் சுகாதாரத் துறையின் உரிமத்தைக் காட்டச் சொல்லுங்கள். நான் கேட்கவே இல்லை. எல்லாம் முடியும்வரை பொத்தானை அழுத்தாதீர்கள்.

அந்த 200 டாலர் மறுவருகைக்கு அவர் வரவே இல்லை. கட்டிகளில் மூன்று இன்னும் கூரைக்குள் கிடக்கின்றன. நாளைக் காலை கையுறை வாங்கி வந்து நானே ஏறி எடுக்கப்போகிறேன்.