வேலூர் துப்பாக்கிக் கடை: 12 போர் கேட்டால் மட்டும் போதாது

வேலூரில் உரிமத் துப்பாக்கிக்குத் தோட்டா விற்கும் கடைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆற்காடு ரோட்டை ஒட்டிய இந்தக் கடைக்கு பேரணாம்பட்டு, ஒடுகத்தூர், அணைக்கட்டுப் பக்கத்து விவசாயிகள்தான் அதிகம் வருகிறார்கள். பெரும்பாலும் தாத்தா காலத்து எஸ்.பி.பி.எல்., டி.பி.பி.எல். (பின்பக்கம் திறந்து தோட்டா போடும் ஒற்றைக்குழல், இரட்டைக்குழல் துப்பாக்கி) வைத்திருப்பவர்கள். சரக்கில் ஈரம் ஏறவில்லை, பித்தளைத் தலையில் பச்சை பூக்கவில்லை. உரிமப் புத்தகத்தில் பதிவும் உடனே போட்டுத் தருகிறார்கள். இவ்வளவுக்கும் தாராளமாகப் போகலாம்.

குறை கவுண்டரில்தான். "12 போர் குடுங்கண்ணே" என்றால் பெட்டியை எடுத்து வைப்பார், மேற்கொண்டு ஒரு கேள்வி வராது.

அந்த 12 மில்லிமீட்டரும் இல்லை, அங்குலமும் இல்லை. ஒரு ராத்தல் ஈயத்தை, அதாவது 453.6 கிராமை, 12 சம உருண்டைகளாக வார்த்தால் ஒன்று 37.8 கிராம் வரும். அந்த உருண்டை கச்சிதமாக நுழையும் குழல்தான் 12 போர், குறுக்களவு 18.5 மி.மீ. அதே ராத்தலை 16 ஆக்கினால் உருண்டைக்குச் சரியாக ஓர் அவுன்ஸ், குழல் 16.8 மி.மீ. 20 ஆக்கினால் 15.6. எண் ஏற ஏறக் குழல் சிறுப்பது இதனால்தான். வாய்வழியாக மருந்து கிட்டித்த காலத்துக் கணக்கு இது. 1806-இல் வேலூர்க் கோட்டையில் கம்பெனிச் சிப்பாய்கள் தூக்கிய மஸ்கட் துப்பாக்கிக்கும் இதே கணக்குதான்: குழல் 11 போர், குண்டு மட்டும் ராத்தலுக்கு ஏறத்தாழ 14. கரி படிந்த குழலிலும் குண்டு இறங்கட்டும் என்று விட்ட இடைவெளி. இந்த வரிசையில் சேராதது .410 என்ற சிறு குழல். அது நேரடியாக அங்குல அளவு. ராத்தல் கணக்கில் பார்த்தால் 67 போருக்குப் பக்கம் வரும்.

கடைக்காரர் கேட்க வேண்டிய கேள்வி, அறையின் நீளம். அறை என்பது குழலின் அடியில் தோட்டா உட்காரும் இடம். பழைய துப்பாக்கிகள் பலவற்றில் அறை 65 மி.மீ.; இப்போது வரும் தோட்டாக்களில் நிறைய 70 மி.மீ. பெட்டியில் போட்டிருக்கும் நீளம், சுட்டதும் தோட்டா முனையை மூடியிருக்கும் மடிப்பு விரிந்த பிறகு உள்ள நீளம். சுடாத 70, மடிப்போடு 60-க்கும் கீழேதான் இருக்கும். ஆகவே 65 அறையில் வெண்ணெய் மாதிரி இறங்கும், மூடியும் பூட்டிக்கொள்ளும். சுடும்போது மடிப்பு விரிய இடமில்லாமல் குழலின் குறுகலில் போய் முட்டும், அழுத்தம் தாறுமாறாக ஏறும். உள்ளே நுழைகிறதே என்று பார்த்து வாங்குவது ஆபத்து. குழலின் அடியில் அறை நீளம் சொல்லும் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். தேய்ந்து போயிருந்தால் துப்பாக்கி மெக்கானிக்கிடம் அறையை அளக்கச் சொல்லுங்கள். அதுவரை 65 மட்டும் வாங்குங்கள்.

இன்னொன்று, 12-ம் 20-ம் ஒரே கண்ணாடி அலமாரியில், ஒரே தட்டில். இது எனக்குப் பிடிக்கவே இல்லை. 20 போர் தோட்டா 12 போர் அறையைத் தாண்டி உள்ளே வழுக்கிப்போய்க் குழலில் சிக்கிக்கொள்ளும். அறை காலியாகத் தெரியும். பின்னால் ஒரு 12-ஐப் போட்டுச் சுட்டால் குழல் வெடிக்கும், பிடித்திருக்கும் கை போய்விடும். 20-க்கு மஞ்சள் உறை போடும் வழக்கம் வந்ததே இதற்காகத்தான். மஞ்சளை வேறு பையில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ரவை எண்ணில், அதாவது தோட்டாவுக்குள் இருக்கும் ஈய மணிகளின் பருமனைச் சொல்லும் எண்ணில், கடைப் பையன் தடுமாறவில்லை. பிரிட்டிஷ் கணக்கில் 6-ஆம் நம்பர் 2.6 மி.மீ., அவுன்சுக்கு 270 மணி. 4-ஆம் நம்பர் 3.1 மி.மீ., 170. பெரிய ரவையான எஸ்.ஜி. அவுன்சுக்கு 8. அமெரிக்க 6 கொஞ்சம் பெரிசு, வெளிநாட்டுப் பெட்டி வந்தால் மில்லிமீட்டரைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ரசீதில் "12 போர்" என்று மட்டும் எழுதுகிறார்கள். நீளத்தையும் ரவை எண்ணையும் சேர்த்து எழுதச் சொன்னால் முணுமுணுக்காமல் எழுதித் தருகிறார்கள். அடுத்த முறை வேறு ஆள் நின்றாலும் அதைக் காட்டியே வாங்கலாம்.