எழுவான்கரையில் வீட்டுக் கராஜ்: காரைத் தூக்க எது, சாமான் வைக்க எது?

மட்டக்களப்பு வாவியின் கிழக்குக் கரைதான் எழுவான்கரை. அங்கே கல்லடியில் எங்கள் வீட்டுக்கு ஒரு பக்கம் கடல், மறு பக்கம் வாவி. நடுவில் பத்தடி உயரத் தகரக் கொட்டில். அதற்குள் ஒரு வேகன் ஆர், அப்பா காலத்து டொல்பின் வான். 2020இல் இலங்கை நிறுத்திய வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. அந்த ஐந்து வருடமும் இருக்கிற வாகனத்தையே கட்டிக் காப்பாற்ற வேண்டியிருந்தது. பிரேக் மாற்றவும் எண்ணெய் மாற்றவும் வீட்டிலேயே பழகிக்கொண்டவர்களில் நானும் ஒருவன்.

பழகிய கை சும்மா இருக்காது. அடுத்து லிஃப்ட் போடலாமா, சக்கரம் பூட்டிய லாச்சி கபினட் வாங்கலாமா என்று மனம் போகும். காணொளிகளில் பார்க்கும் கராஜுக்கும் எங்கள் கொட்டிலுக்கும் இரண்டு வித்தியாசம். இங்கே தரைக்குக் கீழே மணல். காற்றில் உப்பு. தூக்கியை மணலை வைத்தும் பெட்டியை உப்பை வைத்தும் தெரிவு செய்தால் காசு வீணாகாது என்பது என் அனுபவம்.

முதலில் ட்ரொலி ஜாக்கும், தூக்கிய வாகனத்தைத் தாங்கி நிற்கும் ஸ்டாண்டும். செலவு குறைவு, எடுத்து ஒதுக்கி வைக்கலாம், வீட்டு வேலையில் முக்கால்வாசியை முடித்துவிடலாம். ஆனால் இதற்கும் நல்ல தரை வேண்டும். ஜாக்கின் கை நேராக மேலே போவதில்லை, வில் போல வளைந்துதான் ஏறும். கை ஏற ஏற ஜாக் தன் சிறு சக்கரங்களில் காருக்கு அடியில் கொஞ்சம் உருள வேண்டும். மணலில் அந்தச் சக்கரங்கள் புதைந்துவிட்டால் ஜாக் உருளாது. அப்போது மேலே இருக்கும் கிண்ணம் காரின் அடியில் இழுபட்டு நழுவும்.

ஸ்டாண்டுக்கும் அதே கதைதான். ஒரு மாரியில் முற்றத்து இன்டர்லொக் கல்லின் மேல் வானின் பின்பக்கத்தை ஏற்றி ஸ்டாண்டில் வைத்தேன். கல்லுக்குக் கீழே ஈர மணல். வான் சாய்ந்ததை நான் பார்க்கவில்லை. பம்பருக்கும் சுவருக்கும் இடையில் தெரிந்த வெளிச்சக் கீற்று, ஒரு முனையில் மட்டும் மெல்ல ஒடுங்குவதைத்தான் பார்த்தேன். வெளியே வந்து குனிந்து பார்த்தால், ஸ்டாண்டின் ஒரு கால் கல்லோடு சேர்ந்து ஒரு அங்குலம் இறங்கியிருந்தது. கொஞ்ச நேரத்துக்கு முன்பு என் தலை அந்த அச்சுக்கு நேர் கீழே இருந்தது. அன்றிலிருந்து கொங்கிறீட் தரைக்கு வெளியே எந்த வாகனத்துக்கு அடியிலும் நான் போவதில்லை. வெறும் ஜாக்கை நம்பி ஒருபோதும் போனதில்லை.

வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். ஸ்டாண்டில் '3 டன்' என்று எழுதியிருப்பது சிலவற்றில் ஒன்றுக்கு, சிலவற்றில் சோடிக்கு. பெட்டியில் இருப்பதை வாசித்துப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும்.

காருக்கு அடியில் நின்று வேலை செய்யப் பள்ளம் தோண்டலாமே என்று கேட்பவர்களுக்கு: எழுவான்கரையில் வேண்டாம். மாரியில் நாலடி தோண்டினாலே தண்ணீர் ஊறும் வளவுகள் இங்கே ஏராளம். கோடையில் காய்ந்து கிடந்தாலும் பெற்றோல் ஆவி காற்றைவிடக் கனமானது, போய்ப் பள்ளத்தில்தான் தங்கும். ஒரு கைவிளக்கு உடைந்தால் போதும்.

சரி, இரட்டைத் தூண் லிஃப்ட். அக்கரைப்பற்றில் மச்சான் ஒருவரிடம் இருக்கிறது. நிமிர்ந்து நின்றபடி கியர் பொக்ஸைக் கழற்றுகிற சுகத்தை ஒருமுறை அனுபவித்தவருக்கு மல்லாந்து படுக்க மனம் வராது. நாலு சக்கரமும் அந்தரத்தில் தொங்கும், அடிப்பகுதி முழுதும் திறந்து கிடக்கும். பிரேக், சஸ்பென்ஷன், சைலன்சர் எல்லாவற்றுக்கும் இதுவே முதல்தரம்.

ஆனால் அது கேட்பதைப் பாருங்கள். காரின் பாரம் தூணுக்கு நேர் மேலே இல்லை, கைகளின் முனையில் இருக்கிறது. ஆகவே தூண் எப்போதும் உள்பக்கம் சாயப் பார்க்கும். அதைப் பிடித்து வைத்திருப்பது அடித்தட்டின் போல்ட்டுகளும் அவை இறங்கியிருக்கும் கொங்கிறீட்டும்தான். 4 டன் ரக லிஃப்டுகளுக்குக் குறைந்தது 100 மில்லிமீற்றர் கனத்தில் நல்ல கொங்கிறீட் கேட்பார்கள், பலவற்றுக்கு அதைவிடக் கூட. என் கொட்டிலில் ஒரு மூலையைத் துளைத்துப் பார்த்தோம். மூன்று அங்குலம்கூட இல்லை, கீழே நேரே மணல். வேலைக்கு வந்த மேசன் அண்ணன் அந்தத் துளைக்குள் விரலை விட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, இது மனிசர் நடக்கப் போட்ட தரை. இதில தூண் நட்டா தூணோட தரையும் சேர்ந்து எழும்பி வரும்."

புதிதாகப் போடுவதென்றால் பழையதை உடைத்து, மணலை நனைத்து இறுக்கி, கம்பி கட்டி, சீமெந்து, மணல், சல்லி 1:1½:3 கலவையில் போட்டு 28 நாள் விட வேண்டும். மாரியில் போட முடியாது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் போட்டால் மேற்பரப்பு அரை நாளில் காய்ந்து வெடிக்கும். சாக்கு விரித்து ஏழு நாளாவது தண்ணீர் விட ஆள் வேண்டும்.

அப்புறம் உயரம். இந்த லிஃப்டுகள் ஏறக்குறைய 1.8 மீற்றர் தூக்கும். வேகன் ஆரின் உயரம் கிட்டத்தட்ட 1.65 மீற்றர். கூட்டிப் பார்த்தால் 3.45 மீற்றர், அதாவது பதினொன்றே கால் அடி. என் தகரம் பத்தடியில் நிற்கிறது. வான் என்றால் கணக்கே தேவையில்லை.

மின்சாரமும் சும்மா விடாது. 2.2 கிலோவாட் மோட்டர் ஓடும்போதே 10 அம்பியருக்கு மேல் இழுக்கும், கிளம்பும் கணத்தில் அதைவிடப் பல மடங்கு. நீட்டிப்பு வயரில் செருகுகிற சாமான் இல்லை இது, தனி லைன் வேண்டும். மூன்று பேஸ் மோட்டருடன் வருவதை மலிவாகத் தந்தாலும் ஒற்றைப் பேஸ் வீட்டுக்கு எடுக்காதீர்கள். 2022இல் பதின்மூன்று மணி நேரம் கரண்ட் போன நாட்களை நினைத்துப் பாருங்கள். உயரத்தில் பிடித்து வைக்கும் பாதுகாப்புப் பூட்டில் உட்கார்ந்திருக்கும் காரை இறக்க, முதலில் கொஞ்சம் மேலே தூக்கித்தான் பூட்டை விடுவிக்க வேண்டும். கரண்ட் இல்லாவிட்டால் கார் மேலேயே நிற்கும். கைப்பம்பு உள்ள மொடலா என்று கேட்டு வாங்குவது நல்லது.

நாலு தூண் லிஃப்ட் ஒன்றன்மேல் ஒன்றாக வாகனம் நிறுத்த நல்லது. கார் சக்கரத்தில் நிற்பதால் பிரேக் வேலைக்குத் தனியே இன்னொரு ஜாக் வேண்டும். எங்கள் வளவுகளுக்கு அது பெரிது.

எனக்கு உண்மையான போட்டி கத்தரி போல மடிந்து விரியும் கத்தரி லிஃப்டுக்கும் இரட்டைச் சட்ட ஜாக்குக்கும் இடையில்தான். கத்தரி ஒரு மீற்றருக்குக் கொஞ்சம் கூடத் தூக்கும். ரயர், பிரேக் வேலைக்கு ஸ்டூலில் உட்கார்ந்து செய்ய அருமையான உயரம். ஆனால் அந்தக் கத்தரியே காரின் நடுவயிற்றை மறைத்துக்கொண்டு நிற்கும். சைலன்சர், கியர் பொக்ஸ் பக்கம் கை போகாது. கனமும் அதிகம், வைத்தால் வைத்த இடம். அதன் உருளைகள் தரையோடு ஓடுவதால் காற்றில் வரும் மணல் கிறீஸில் ஒட்டி அரைக்கும். இரட்டைச் சட்டம் இரண்டு தனித்தனித் துண்டுகள். இரு பக்கமும் தள்ளி வைத்துவிட்டு ஒரே பம்பால் தூக்கலாம். அரை மீற்றர்தான் ஏறும், படுத்துத்தான் வேலை செய்ய வேண்டும். ஆனால் நடு முழுதும் வெளி. வேலை முடிந்தால் சுவரில் சாய்த்து வைக்கலாம், மாரியில் வெள்ளம் வருகுது என்றால் தூக்கி வீட்டுக்குள் கொண்டுபோகலாம். ஒன்றிரண்டு வாகனம் உள்ள எழுவான்கரை வீட்டுக்கு நான் இதற்குத்தான் வாக்களிப்பேன். வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில், மேட்டு வளவில், உயரமான கொட்டிலும் நாலைந்து வாகனமும் இருந்தால் இரட்டைத் தூணுக்குத் தரை போடுவது நியாயமான செலவு.

இனிச் சாமான் வைக்கும் கதை. ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே காற்றிலிருந்து நீரை இழுத்துக் கரையும். எங்கள் இரவுகள் பெரும்பாலும் அதைத் தாண்டியவை. ஸ்பனரில் படிந்த உப்பு, மழை படாமலே ஈரமாகும் என்று பொருள். கறள் முதலில் பிடிப்பது அரம், புரி வெட்டும் டப், துளைக்கும் பிட் போன்ற முலாம் இல்லாதவற்றில். அடுத்து சொக்கெட்டின் சதுரத் துளைக்குள்.

சக்கரக் கபினட் அழகுதான், எந்த அளவு எங்கே என்று உடனே கைக்கு வரும். ஆனால் மணல் தட்டும் தரையில் சக்கரம் உருளாது, லாச்சியின் குண்டுத் தாங்கிகளில் மணலும் கிறீஸும் சேர்ந்து களியாகும், லாச்சிக்குள் விரிக்கும் ரப்பர் பாய்க்கு அடியில் வியர்வை கட்டும். சுவர்ப் பலகை மலிவு, மாட்டியதும் தெரியும், மாட்டாததும் தெரியும். கடலில் இருந்து தள்ளி இருப்பவர்களுக்கு அதைவிட நல்லது இல்லை. கல்லடியில் திறந்த சுவரில் தொங்கவிட்ட என் வளைய ஸ்பனர்கள் ஒரே வாடைக்காற்றுக் காலத்தில் மஞ்சள் பொட்டு வைத்துக்கொண்டன. ஐந்து தட்டு இரும்புப் பெட்டி எப்போதும் வேண்டும். வயலில் நின்றுபோன உழவு இயந்திரத்துக்குக் கபினட்டைத் தள்ளிக்கொண்டு போக முடியாது. மூட்டுகளுக்கு மாதம் ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் அது இருபது வருடம் உழைக்கும்.

எல்லாவற்றையும்விட எனக்கு உதவியது வீட்டில் ஒதுக்கிப் போட்ட பழைய இரும்பு அலுமாரி. கதவு மூடும், பூட்டு உண்டு, விலை இல்லை. கதவின் உள்பக்கம் ஒட்டுப்பலகை அடித்து ஸ்பனர்களை மாட்டினேன். தட்டுகளில் சொக்கெட்டுகள், மேல் தட்டில் சிலிக்கா ஜெல் நிரப்பிய துணிப்பை. ஜெல்லை மாதம் ஒருமுறை சூடாக்கி உலர்த்துவேன், சமையல் சட்டியில் அல்ல, அதற்கென்று ஒரு பழைய தகரத்தில். கருவிகளை முதலில் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, உலர்ந்த பிறகுதான் எண்ணெய் பூசுவேன். உப்பின் மேல் எண்ணெய் பூசினால் கறள் எண்ணெய்க்குக் கீழே வளரும். போல்ட்டை அளந்து இறுக்கும் டோர்க் ஸ்பனரை ஆகக் குறைந்த அளவுக்குத் திருப்பி வைக்க மறக்கக் கூடாது, இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் சுருள் தளர்ந்து அளவு பொய் சொல்லும்.

அலுமாரியின் நாலு காலுக்கும் கீழே இரண்டு கொங்கிறீட் கல் வீதம் அடுக்கியிருக்கிறேன். சுவரில் போன வெள்ளம் விட்ட சேற்றுக் கோட்டுக்கு அது நாலு விரல் மேலே.